பிரித்தால் பாதி விலை

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல். அதில் அழுகை இல்லை. அதுதான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"சார்... என் வீட்டுக்காரர் செத்துக் கிடக்கறார். மண்டையில அடிபட்டிருக்கு."

"வரோம். அந்த ரூம்ல எதையும் தொடாதீங்க."

"இருபது வருஷமா அவரும் இதையேதான் சார் சொல்லிட்டிருந்தார்."

மூன்றாவது மாடி. வாடகை வீடு. ஹாலில் ஒரு காலில் கட்டுப்போட்ட நாற்காலி. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் உள் அறையில் பளபளவென்று கண்ணாடி அலமாரிகள். அவற்றில் வரிசை வரிசையாக அட்டைப் பெட்டிகள்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

நடுவே தரையில் அவர் குப்புறக் கிடந்தார். ரிட்டயர்டு தபால் அதிகாரி. அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர் பொட்டி சார்.

"பெட்டிக்குள்ள என்னம்மா?" ஏட்டு கேட்டார்.

"பொம்மை ரயில் எஞ்சின். வார்ப்பிரும்பு. அந்தக் காலத்துக் கம்பெனி செஞ்சது."

"நல்லா இருக்குமா?"

"யாருக்குத் தெரியும்? ஒண்ணைக் கூடப் பிரிச்சதில்ல. பிரிச்சா விலை போயிடுமாம்."

ஏட்டு வாயைப் பிளந்தார்.

"அப்ப பொம்மையைப் பாக்காமயே வாங்கினாரா?"

"என்னைக் கூட அப்படிப் பாக்காமதான் கட்டிக்கிட்டார். பழகிப்போச்சு போல."

டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார். "கனமான, மூலையுள்ள ஏதோ ஒண்ணு. ஒரே அடி. நாலு மணியிலிருந்து அஞ்சரைக்குள்ள."

அந்த ஏதோ ஒன்று அறையில் இல்லை. வீட்டிலும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே, குப்பைத் தொட்டியில், தண்ணீர்த் தொட்டியில்... எங்கும் இல்லை.

வாசல் காவலாளி அடித்துச் சொன்னார். "நாலு மணிக்கு அந்தப் பழம்பொருள் கடைக்காரர் வந்தார். நாலரைக்குப் போயிட்டார். வெறுங்கை சார். போன மாசம் இங்க திருட்டு நடந்ததுலேர்ந்து எல்லார் பையையும் பாத்துத்தான் விடறேன். அவர்கிட்ட பையே இல்ல. வேற ஒரு ஈ காக்கா வரலை."

கடைக்காரரும் தயங்காமல் சொன்னார். "நான் கிளம்பறப்ப அண்ணன் வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வெச்சார் சார்."

மிச்சம் இருந்தது மனைவி. தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு பக்கத்து அறையில் தூங்கினாளாம். அஞ்சரைக்குத்தான் எழுந்தாளாம். அதற்குச் சாட்சி அந்தத் தலையணை ஒன்றுதான்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் அவளிடம் ஒளிக்காமல் பேசினார்.

"அம்மா, இப்போதைக்கு எல்லாம் உங்க பக்கம்தான் கை காட்டுது. உங்க நகையை வித்து இதை வாங்கினாராமே. அது ஒரு காரணம்தானே?"

"காரணம்னு பாத்தா இருபது வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கணும் சார்."

அப்போதுதான் கடைக்காரர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை. முகத்தில் சரியான அளவு துக்கம்.

"அண்ணி, நான் இருக்கேன், கவலைப்படாதீங்க. எல்லாப் பொட்டியையும் நானே எடுத்துக்கறேன். முப்பது லட்சம். வெளிய நாப்பது கூடப் போகும், ஆனா வக்கீலுக்கு உடனே பணம் வேணுமே உங்களுக்கு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். முப்பது லட்சம். அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பெட்டிகள் மட்டும்தான்.

இன்ஸ்பெக்டர் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டு, அடிச்ச சாமான் வெளிய போகலை. வீட்டுக்குள்ள சல்லடை போட்டுச் சலிச்சாச்சு. நாம எதைத் திறந்து பாக்கலை?"

ஏட்டு பேனாக்கத்தியை எடுத்தார்.

கடைக்காரரின் துக்கம் சட்டென்று உண்மையானது.

"ஐயோ, வேண்டாம் சார். பிரிச்சா பாதி விலை கூடத் தேறாது. மேல ஒட்டியிருக்கற டேப்புக்குத்தான் சார் காசே. அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பிரிக்கவிட்டால் சோற்றுக்கு வழியில்லை. தடுத்தால் கையில் விலங்கு.

"பிரிங்க சார்," என்றாள். "நான் உள்ள போயிட்டா முப்பது லட்சத்தை வெச்சுக்கிட்டு யார் சாப்பிடறது?"

முதல் பெட்டி. டேப் கிழிந்த சத்தத்துக்குக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே பழைய செய்தித்தாள். அதற்குள் ஒரு செங்கல்.

ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, இதுல சக்கரம் எங்க இருக்கு?"

இரண்டாவது பெட்டி. செங்கல்.

மூன்றாவது. செங்கல்.

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். இருபது வருடம். இரண்டு வளையல், ஒரு சங்கிலி, ஒரு ஜோடித் தோடு... எல்லாம் செங்கல். ஒரு வீடே கட்டியிருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். குரல் மட்டும் மிருதுவாக இருந்தது.

"எல்லாம் உங்க கடைச் சரக்குதானே?"

"சார், எனக்கு வர்றப்பவே சீல் வெச்சுத்தான்..."

"சரி. ஏட்டு, மீதி இருநூத்தி ஒன்பதையும் கிழிச்சுடுங்க. ஒண்ணு விடாம."

ஏட்டு முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பெட்டியின் மூலையில் கத்தியை வைத்தார்.

"நிறுத்துங்க!"

கடைக்காரர் கத்தியே விட்டார்.

"நாலாவது தட்டு... நீலப் பொட்டி. அதுலதான் இருக்கு. மத்ததைக் கெடுத்துடாதீங்க சார்."

"உள்ள செங்கல்தானேய்யா?"

"பொட்டி ஒரிஜினல் சார்."

நீலப் பெட்டியைப் பிரித்தார்கள். செங்கல்தான். ஆனால் இதன் ஒரு மூலையில் உறைந்த ரத்தமும் இரண்டு நரைமுடியும் ஒட்டியிருந்தன.

கடைக்காரர் நாற்காலியில் சரிந்தார். அப்புறம் கேட்காமலேயே கொட்டினார்.

"எஞ்சினைத் தனியா வேற ஊர்ல வித்துடுவேன் சார். பொட்டியில செங்கலை வெச்சு, பழைய டேப்பு ஒட்டி, இவருக்குத் தருவேன். இவர்தான் பிரிக்கவே மாட்டாரே. ஒரு சரக்கு, ரெண்டு வியாபாரம். நேத்து இந்த நீலப் பொட்டி மூலையில செவப்பாத் தூள் உதிர்ந்திருக்கு. எஞ்சின் துருப்பிடிக்குதுன்னு பயந்து என்னைக் கூப்பிட்டார். என் கண்ணு முன்னாடியே பிரிச்சுட்டார் சார். வாழ்க்கையில மொத தடவையா. எனக்கே தூக்கிவாரிப் போட்டுது."

"உடனே அந்தச் செங்கலாலயே அடிச்சிட்டே."

"போலீசுக்குப் போறேன்னார். கை முந்திடுச்சு."

"அப்புறம் உக்காந்து நிதானமா டேப்பு வேற ஒட்டியிருக்கே."

"வெளிய கொண்டு போனா காவலாளி பாப்பான். பொட்டி திறந்து கிடந்தா என் குட்டு வெளிப்படும். டேப்பு எப்பவும் என் சட்டைப் பையில இருக்கும் சார், தொழிலாச்சே. சீல் வெச்ச பொட்டியை எவன் பிரிப்பான்னு நெனைச்சேன்."

"சரி, செங்கல்னு தெரிஞ்சும் எதுக்கு முப்பது லட்சத்துக்குக் கேட்டே?"

கடைக்காரர் இன்ஸ்பெக்டரைப் பரிதாபமாகப் பார்த்தார். விவரமில்லாத ஆளிடம் மாட்டிக்கொண்டோமே என்கிற பரிதாபம்.

"நாப்பதுக்கு இன்னொருத்தருக்குத் தள்ளியிருப்பேன் சார். அவரும் பிரிக்க மாட்டார்."

பதினைந்து நாள் கழித்து, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க இன்ஸ்பெக்டரும் ஏட்டும் மறுபடி அந்த மூன்றாவது மாடிக்குப் போனார்கள். அவள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். தங்கை வீட்டில் ஒரு மூலை கிடைக்குமாம். அதற்குமேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"இந்தப் பொட்டியெல்லாம்?"

"இருநூத்தி எட்டு செங்கல் சார். கொத்தனார் யாராவது இருந்தா சொல்லுங்க."

போன் அடித்தது. எடுத்தாள்.

"ஆமாங்க, அவர் மனைவிதான்... ஆமா, செங்கல்தான்... இல்ல, அதையெல்லாம் பிரிக்கலை..."

புருவம் ஏறியது. கை தானாக நாற்காலியைத் தேடியது. உட்கார்ந்தாள். வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா?" ஏட்டு பதறினார்.

"யாரோ பழம்பொருள் சேக்கறவராம். கேஸைப் பேப்பர்ல படிச்சாராம். இருநூத்தி எட்டையும் அவரே எடுத்துக்கறாராம். அம்பது லட்சம். முன்பணம் இன்னிக்கே அனுப்பறாராம். செங்கல் மாறாம, டேப்பு பிரியாம அப்படியே வேணுமாம்."

ஏட்டு பாத்திர மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எஞ்சினோட இருந்தாலே நாப்பதுதானேம்மா சொன்னான்?"

"எஞ்சின் ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்காம்."

அவளுக்குக் கண் கலங்கியது. கணவர் செத்ததற்கு வராத அழுகை அது. வெட்கமாக இருந்தாலும் நிம்மதியாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி போனைக் காதில் வைத்தாள். கேட்டாள். மெல்ல இன்ஸ்பெக்டரை ஏறிட்டாள்.

"இன்னும் என்னவாம்? கொலை எப்படி நடந்ததுன்னு கேக்கறாரா?"

"அதைப் பத்தி ஒண்ணும் கேக்கலை சார். அந்த நாலு பொட்டியைப் பிரிச்ச படுபாவி யாருன்னு கேக்கறார்."