மூச்சு வாங்காத குழல்

வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே ரோகிணிக்கு ஏதோ உறுத்தியது. உள்ளே புல்லாங்குழல் கேட்டது. ஆனால் வாசிப்பவள் மூச்சே எடுக்கவில்லை.

சுபலட்சுமிக்கு இளைப்பு உண்டு. நாலு சுரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, வாயால் காற்றை உறிஞ்சிக்கொண்டுதான் அடுத்ததைத் தொடுவாள். வாரத்தில் இரண்டு நாள் மதுரையிலிருந்து பரவைக்கு வந்து வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் ரோகிணி, அதைத் திருத்த என்னென்னவோ செய்து பார்த்து அலுத்துவிட்டாள். இன்றைக்கு என்னவென்றால் ஒரே ஒரு சுரம், மார்க்கெட் லாரிகளின் இரைச்சலையும் மீறிக்கொண்டு, இழை அறாமல் நீண்டுகொண்டே இருந்தது. பரவாயில்லையே, பிடித்துவிட்டாளே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அவள் கதவைத் தட்டினாள்.

திறந்தது சுபலட்சுமியின் புருஷன் பாண்டியராஜன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கரண்ட் இல்லை. இருண்ட கூடத்திலிருந்து பினாயில் நெடி முகத்தில் அடித்தது. அதற்கும் அடியில், கறிக்கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தவைக்குமே, அந்த வெதுவெதுப்பான வாடை. அப்போதுதான் குளித்திருந்தான் போல. தலை துவட்டாததால் சட்டை தோளோடு ஒட்டிக் கிடந்தது. கதவைப் பாதி திறந்தபடி மறித்து நின்றான்.

“இன்னைக்கு கிளாஸ் வேணாம் டீச்சர். அவ எழுமலைக்கு, அவுக அம்மா வீட்டுக்குப் போயிட்டா.”

“உள்ள வாசிச்சுக்கிட்டு இருக்காங்களே?”

பாண்டியராஜனின் வாய் மெல்லத் திறந்தது. அவளை அப்போதுதான் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

“உங்களுக்கும் கேக்குதா?”

ரோகிணி ஓரடி பின்வாங்குவதற்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டான். தாழ்ப்பாள் விழுந்தது. கையை உதறினாள், அவன் விரலைக் கடித்தாள். அவன் அவள் முடியைச் சுருட்டிப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். கண்ணுக்குள் வெள்ளையாகப் பொறி பறந்தது. காதுக்குள் மட்டும் அந்தச் சுரம் மாறவேயில்லை.

“எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சேன். மத்தியானத்துலருந்து இப்படித்தான். வாசிக்காதடின்னு எம்புட்டோ சொன்னேன் டீச்சர். கேக்கல.”

இழுத்துக்கொண்டு போய் உள்ளறைக் கதவை உதைத்துத் திறந்தான்.

கட்டில் காலில் சாய்ந்து சுபலட்சுமி உட்கார்ந்திருந்தாள். கழுத்து பாதிக்கு மேல் வெட்டுப்பட்டு, தலை முதுகுப் பக்கம் தொங்கியது. கழுவியும் போகாத ரத்தம் சிமெண்டுத் தரையில் கறுத்திருந்தது. புல்லாங்குழல் மிதிபட்டுச் சிம்பு சிம்பாகக் கிடந்தது. வெட்டின் ஓரத்தில் ஒரு கொப்புளம் உப்பியது, உடைந்தது, மறுபடி உப்பியது.

சுரம் அங்கிருந்துதான் வந்தது.

ரோகிணி கத்தினாள். தன் கத்தல் அவளுக்கே கேட்கவில்லை.

பாண்டியராஜன் கட்டிலடியிலிருந்து அரிவாளை எடுத்தான். குரல் கெஞ்சியது.

“நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. நிறுத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா.”

“சுபா... போதும்மா. நிறுத்தும்மா.”

சுரம் நின்றது.

ஒரு ஈ பறந்தது. தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு சுபலட்சுமியின் வலது கை அசைந்தது. ஆள்காட்டி விரல், துளையைத் திறப்பது போல, தரையைவிட்டு மேலே எழுந்தது. அடுத்த சுரம் பிறந்தது. சுத்தமாக. பிசிறில்லாமல்.

பாண்டியராஜன் ஊளையிட்டபடி அந்தக் கையை வெட்டினான். ஒரு வெட்டு. இன்னொன்று. அரிவாள் சிமெண்டில் பட்டுத் தீப்பொறி தெறித்தது. விரல்கள் சிதறின. ரோகிணியின் முகத்தில் சூடாக ஏதோ பட்டது.

அவன் திரும்பினான். அரிவாளின் ஈரம் ரோகிணியின் தொண்டையில் பதிந்தது.

“இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்.”

ரோகிணி தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலடியில் ஒன்று. சுவரோரம் ஒன்று. அவன் கால் பக்கத்தில் இரண்டு. கிடந்த இடத்திலேயே, ஒவ்வொரு விரலாக, சுரத்துக்குச் சுரம் எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது.