நீல ஒயர்

பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை. ஆனால் சக்கரத்தில் சத்தம் கேட்டது. இரண்டில் ஒன்று பொய்.

டிரெயிலருக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஜெனரேட்டர்காரனுக்கு அதுதான் மனதைக் குடைந்தது. வாடகைக்கு விடும் ஜெனரேட்டரை ஏற்றி இழுத்துப்போகிற டிரெயிலர் அது. வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சின்னப் பெட்டிதான் டிரெயிலர் சக்கரங்களுக்குக் கரண்ட் அனுப்பி பிரேக் பிடிக்க வைக்கும்; கரண்ட் ஓடினால் அதில் பச்சை விளக்கு எரியும். போன வாரம் மலை இறக்கத்தில் அது கையை விரித்துவிட்டது. பின்னாலிருந்து டிரெயிலர் வண்டியை முட்டித் தள்ள, அவன் தப்பியதே பெரிய பாடு. நாளைக் காலை மறுபடி அதே இறக்கம்.

"ஒயரெல்லாம் மாத்திட்டேன், அண்ணே. நீயே ஒரு தடவ கேட்டுப் பாத்துக்க" என்று தம்பி சொல்லியிருந்தான்.

ஒருவன் வண்டியில் உட்கார்ந்து பெட்டியின் விசையை அழுத்துவான். இன்னொருவன் சக்கரத்தில் காது வைப்பான். கரண்ட் வந்தால் உள்ளே காந்தம் முனகும். மீட்டர் வைத்துப் பார்க்கிற பழக்கமே அண்ணன் தம்பி இருவருக்கும் கிடையாது. காதுதான் மீட்டர்.

ஷெட்டின் தகரக் கூரையில் சாயங்கால மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தரை பின்பக்கமாகச் சரிந்திருந்தது. அதனால் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைக் கொடுத்திருந்தார்கள். அது அவன் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. கிரீஸ் நாற்றம், ஈர மண் வாசனை, அதற்கு நடுவே இழையாக ஏதோ சோப்பு வாசனை.

"அழுத்துறேன், அண்ணே. கேக்குதா?"

ம்ம்ம்ம்.

"கேக்குது. பச்சை லைட் எரியுதா?"

"இல்ல. பல்பு போயிருக்கும். உனக்குச் சத்தம் வேணுமா, லைட் வேணுமா?"

தம்பி சிரித்தான். இவனும் சிரித்தான். பத்து வயதிலிருந்து இவன் எடுத்து வளர்த்த பிள்ளை. அவனைச் சந்தேகப்பட்டால் வேறு யாரைத்தான் நம்புவது?

இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. டார்ச்சை அடித்து, சட்டத்தை ஒட்டிப் போகும் நீல ஒயரைத் தடவிக்கொண்டே வந்தான். பிரேக்குக்குக் கரண்ட் கொண்டுவருவது அந்த ஒயர் ஒன்றுதான். ஓரிடத்தில் கறுப்பு டேப் கனமாகச் சுற்றியிருந்தது. அழுத்தினான். மெத்தென்று உள்ளே போனது. பிரித்தான். உள்ளே துணி. வெறும் துணி. ஒரு முழம் ஒயரையே காணவில்லை. இரண்டு முனைகளும் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன.

வெட்டியது யார் என்று கேட்கத் தேவையில்லை. ஒயர் மாற்றியவன் ஒருவன்தான். மழை கூரையில் அடித்தது. அவனுக்கு அழுகை வந்தது.

ஆனால் சத்தம்?

"தம்பி." காதைச் சக்கரத்தோடு ஒட்டினான். "இன்னொரு தடவ அழுத்து."

ம்ம்ம்ம்ம்ம்.

ஒயரே இல்லாத சக்கரத்திலிருந்து அது வந்தது. காதுக்குப் பக்கத்தில். இதமாக. நீளமாக. பிறகு அறுந்தது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டது. தொடர்ந்தது.

காந்தம் மூச்சு வாங்காது.

அந்த முனகலை அவனுக்குத் தெரியும். ராத்திரி தோறும் பக்கத்து அறையில் கேட்கிற முனகல். குழந்தையைத் தூங்க வைக்கத் தன் மனைவி வாயை மூடிக்கொண்டு பாடுவது.

மெல்லத் தலையைத் திருப்பினான். டயருக்கு அந்தப் பக்கம், ஈரத் தரையில், மண்டியிட்ட இரண்டு கால்கள். அவளுடைய செருப்பு. அறுந்த வாரை நீல ஒயரால் இழுத்துக் கட்டியிருந்தது.

"நீயா?"

முனகல் நின்றது.

வெளியே வரப் புரண்டான். தோள் சட்டத்தில் இடித்தது. இடமில்லை.

"அண்ணே, கேக்குதா?" தம்பியின் குரல். அதே அன்பு. அதே இழுப்பு.

டயருக்குப் பின்னால் ஒரு கை வந்தது. மணிக்கட்டில் தீக்காயம். நேற்று அவன்தான் மருந்து போட்டான். அந்தக் கை தரையில் தடவித் தடவிக் கட்டையைக் கண்டுபிடித்தது. இழுத்தது.

"எடுத்துட்டேன்" என்றாள். அவனிடம் இல்லை.

முன்னால் வண்டியின் கைப்பிரேக் கடக் என்று இறங்கியது.

டயர் அசைந்தது. அதற்கு அந்தப் பக்கம், குழந்தையைத் தூங்க வைப்பதுபோல, அவள் மறுபடியும் முனக ஆரம்பித்தாள்.