எதுவும் தொடாத இடம்

ஷாஃப்ட் தேயக்கூடாத இடத்தில் தேய்ந்திருந்தது.

பேரிங் உட்காரும் இடத்தில் தேய்வது இயல்பு. கியர் மாட்டும் இடத்தில் தேய்வதும் இயல்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்கு வெறும் இரும்பு. காற்றைத் தவிர எதுவும் அதைத் தொடாது. பள்ளம் அங்கேதான் விழுந்திருந்தது. உரசிய கோடு இல்லை, துருவில்லை. பழைய கட்டடங்களில் மாடிப்படிக் கைப்பிடி இருக்குமே, ஆயிரம் கைகள் தடவி மழுங்கியது, அப்படி ஒரு வழவழப்பு.

கடைசல்காரன் அதை விளக்கடியில் உருட்டி உருட்டிப் பார்த்தான். செங்கல் ஆலையில் களிமண் பிசையும் மில் இயந்திரத்தைச் சுழற்றும் தண்டு அது. போன தடவையும் இதே இடத்தில் தேய்ந்து வந்தது. யாரோ கயிறு கட்டி இழுத்திருப்பார்கள் என்று நினைத்து, சாதாரண ராடால் வெல்டிங் போட்டு மேடு கட்டி, லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவந்து அனுப்பினான். இப்போது திரும்பி வந்திருக்கிறது. பள்ளம் இன்னும் ஆழமாக.

ஆலையின் சூப்பர்வைசருக்கு போன் போட்டான்.

"சார், இது நல்லதுக்கில்ல. புது ஷாஃப்ட் வாங்கிடுங்களேன்."

"புதுசா? முதல்ல உன் லேத்தை மாத்துய்யா. அது என் தாத்தாவுக்குப் பெரியப்பா மாதிரி இருமுது."

"எதுவும் தொடாத இடத்துல தேயுது சார்."

"அப்ப தேயாத மாதிரி செஞ்சு குடு. மில் நின்னா அந்த ஷெட்டையே மூடச் சொல்லியிருக்காங்க. அப்புறம் உன் தம்பி வீட்ல உக்காந்து ஈ ஓட்டணும், பரவாயில்லையா?"

அந்த மில்லை ஓட்டுவது தம்பிதான். வேறு எங்கும் ஒட்டாத பயல், அங்கேதான் ஒட்டியிருந்தான். அம்மா போனபின் இருவரும் இந்தப் பட்டறையின் பின்னறையில்தான் கிடந்தார்கள். தம்பி ஆலைக் குடியிருப்புக்குப் போனதிலிருந்து இவனுக்கு ஒரு தட்டு, ஒரு பாய். வாரவிடுமுறையில்கூட பட்டறையைத் திறந்துவைத்துக்கொண்டு, வேலை இருப்பதுபோல எதையாவது உருட்டிக்கொண்டிருப்பான். தகரக் கூரையில் மழை விழுந்தால் அதற்குக்கூட 'ம்' கொட்டுவான்.

தம்பியையும் கூப்பிட்டுக் கேட்டான்.

"அங்க யாருடா உன்கூட?"

"யாருமில்லண்ணே. இருந்த ஒருத்தரையும் வேற ஷெட்டுக்கு மாத்திட்டாங்க. மெஷினும் நானும் குடும்பம் நடத்துறோம். சண்டை போடாது, சம்பளம் கேக்காது."

"நடுவுல எதாவது உரசுதா?"

தம்பி கேள்வி முடியுமுன்பே சொன்னான்: "ஒண்ணும் உரசல."

சரி, எது உரசினாலும் தேயாதபடி செய்துவிடலாம். பாறை உடைக்கிற இயந்திரப் பற்களுக்குப் பூசும் வெல்டிங் ராடு ஒரு கட்டு அலமாரியில் இருந்தது. அதை வைத்துக் கட்டிவிட்டால் எந்தக் கடைசல் உளியும் உள்ளே இறங்காது. சாணைதான் பிடிக்க வேண்டும். ஷாஃப்டைச் சூடேற்றினான். சுட்ட களிமண் வாசனை வரும், கிரீஸ் கருகும் நாற்றம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது வேறு. நெரிசலான பேருந்தில் கம்பியை விடாமல் பிடித்து வந்தபின் உள்ளங்கையை முகர்ந்தால் ஒரு புளித்த வாடை வருமே, அது.

வெல்டிங் முடித்து, ஆறவிட்டு, லேத்தில் ஏற்றி, சாணைக்கல்லைக் கட்டி ஓட்டினான். தீப்பொறி குடையாக விரிந்தது. மணிக்கணக்காக ஓட்டியபின் நிறுத்தி, வழவழப்புப் பார்க்க உள்ளங்கையை வைத்தான்.

வெதுவெதுப்பாக இருந்தது. சாணை பிடித்த சூடு என்றுதான் நினைத்தான். ஆனால் அது யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் சூடு. உடம்பின் சூடு. கையை எடுக்கத் தோன்றவில்லை. எத்தனையோ நாளாக எதையும் அப்படித் தொட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஷாஃப்டை எடுக்க வந்த லாரிக்காரன் வெளியே ஹாரன் அடித்து, ஷட்டரைத் தட்டி, "உள்ள தூங்குறியா, செத்துட்டியா?" என்று கத்தியபிறகே கை வந்தது. வாசலில் வெளிச்சம் போயிருந்தது.

ஷாஃப்ட் போய், மாட்டி, மில் ஓடத் தொடங்கியது. சூப்பர்வைசர் போனில் குழைந்தார். "பிரமாதம்யா. ஒரு கீறல் இல்ல."

அடுத்த வாரம் ஒரு நீர்ப்பம்பு பழுதுக்கு வந்தது. உள்ளே தண்டைச் சுற்றியிருந்த பித்தளை வளையம், புஷ், காகிதமாகத் தேய்ந்திருந்தது. அதைத் தட்டிக் கழற்றிக்கொண்டே, கொண்டுவந்தவனிடம் வழக்கம்போல எரிச்சலாகச் சொன்னான்: "உள்ள ஓடுற தண்டை இவ்ளோ கெட்டியாக்கினா, புஷ் தேயாம என்ன பண்ணும்? ஒண்ணு தேயலன்னா, அதைத் தொடுறது தேயும்."

சொல்லிவிட்டு, சுத்தியலை ஓங்கியபடியே நின்றான்.

அதைத் தொடுவது.

தொழிலுக்கு வந்த முதல் மாதமே தெரிந்துகொண்ட விஷயம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த ஷாஃப்டுக்கு மட்டும் அதை யோசிக்கவே இல்லை. அங்கே எதிரே எதுவும் இல்லையே.

தன் உள்ளங்கையைப் பார்த்தான். போனை எடுத்தான். வெகுநேரம் அடித்தபின் தம்பி எடுத்தான். பின்னால் மில்லின் முனகல்.

"டேய், கை எப்படிடா இருக்கு?"

"எதுக்குக் கேக்குற?" என்று இழுத்தான் தம்பி. பிறகு ரகசியம்போல, "வலிக்கலண்ணே. கொஞ்சங்கூட வலிக்கல."

"எதுடா வலிக்கல?"

"போனைப் பிடிக்கத்தான் வரமாட்டேங்குது. வழுக்குது."

ஏதோ தரையில் விழுந்த சத்தம். பிறகு முனகல் மட்டும்.

பம்புக்காரனை அப்படியே நிறுத்திவிட்டு மொபெட்டை எடுத்தான். ஆலை வாசலைத் தொடும்போது பொழுது சாய்ந்திருந்தது. காவலாளி கதவைத் திறந்துகொண்டே பேசினார். "தம்பியைப் பாக்கவா? தங்கமான பையன்யா. ஷிஃப்டு முடிஞ்சாலும் போக மாட்டேங்குறான். ஒரு வாரமா கையைப் பையிலேயே வெச்சிருக்கான். குளிருதாம். இந்த வெக்கையில!"

களிமண் ஷெட் கடைசியில் இருந்தது. ஒரே ஒரு குழல்விளக்கு. ஈர மண்ணின் மணம், அதற்கடியில் அந்தப் புளித்த வாடை. மில் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஷாஃப்ட் வெறுமனே சுழன்றது. அதையொட்டி, முதுகைக் காட்டியபடி, தம்பி. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ பேசுவதைக் கேட்பதுபோல.

"டேய்."

திரும்பினான். முகத்தில் சிரிப்பு. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அண்ணனைப் பார்த்ததும் வருமே, அதே சிரிப்பு.

"வந்துட்டியாண்ணே."

"கையை எடுடா."

"எங்கண்ணே இருக்கு எடுக்க?"

வலது கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டுக்கு மேலேயே முடிந்திருந்தது. ரத்தமில்லை. தழும்பில்லை. எலும்பும் சதையும் தோலும் ஒன்றாக மழுங்கி, உருண்டு, பளபளத்தது. குழல்விளக்கு அதில் கோடாகத் தெரிந்தது.

ஷாஃப்டில் ஒரு கீறல்கூட இல்லை.

தம்பி அந்த முனையை மறுபடி அதன்மேல் வைத்தான். மெதுவாக. தூங்கும் குழந்தையின் மேல் கை வைப்பதுபோல. கண் செருகியது. பிறகு நினைவு வந்தவனாக, இடது கையையும் பக்கத்தில் வைத்தான். அதில் விரல்கள் இருந்தன. நகங்கள் இல்லை.

"நிறுத்துடா. டேய். நிறுத்து."

"நிறுத்தினா ஆறிடும்ணே."

அரையடி நகர்ந்தான். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம்.

"வா. அங்க எதுக்குத் தனியா நிக்கிற?"

சுவரில் மில்லை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருந்தது. அண்ணனுக்கு மூன்றே எட்டுத் தூரம். ஓடினான். அதையே பார்த்துக்கொண்டு ஓடினான். பொத்தான். சிவப்பு. கையை நீட்டினான். அதை நோக்கித்தான் நீட்டினான்.

முனகல் நிற்கவில்லை.

உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது.