உள்பக்கத் தாழ்ப்பாள்

புதுக் கட்டடத்துக்குள் கதவைத் தோளில் சுமந்து வந்த தச்சன், திரும்புகிற இடத்தில் பெயின்ட் அடிக்கிற பெண் ஒருத்தியை இடித்துவிட்டான். அவள் கையிலிருந்த பெயின்ட் டப்பா ஆடியது... ஒரு வெள்ளைத் துளி தெறித்து அவள் புருவத்தில் உட்கார்ந்தது.

"கண்ணு தெரியலையா?"

"கதவு மறைக்குதுங்க."

"எல்லாருக்கும் கதவு செய்யறீங்க. எங்களுக்கு ஒண்ணு செய்யத்தான் கை வரல."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே மழை. அவள் உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"வேணாம்."

"நான் வாய் வெக்கலீங்க..."

"வேணாம்னா விடுங்களேன்."

திமிர்தான் என்று நினைத்தான். ஆனால் அந்தக் கண்கள்... கொட்டவா வேண்டாமா என்று நிற்கிற மேகம் போல. அன்று உளி அவன் சொன்னபடி கேட்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் பொறுக்கமாட்டாமல் போய்க் கேட்டான். "நான் கொடுத்தா மட்டுமா, யார் கொடுத்தாலும் வேணாமா?"

"மன்மதன்னு நினைப்பு." முதல்முறையாகச் சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "பெயின்ட் அடிக்கிற பொண்ணுங்க யாரும் இங்க தண்ணி குடிக்கிறதில்ல. ஏன்னு பின்னாடி போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தான். பெண்களுக்கான கழிப்பறை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள்... காற்று வந்தபோதெல்லாம் தூக்கிக்கொண்டு பறந்தது. அவனுக்குக் காது சுட்டது. கட்டடத்தை எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டர் அவனுடைய சொந்த அண்ணன்.

மறுநாள் காலை பெண்கள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அவள். கதவு வந்தால்தான் வேலை.

"நேத்து வந்த பொண்ணுங்க எனக்குச் சட்டம் சொல்றதா? வேற ஆளா கிடைக்காது?" அண்ணன் கத்தினார். தம்பி பக்கம் திரும்பினார். "நீ போய் உன் வேலையைப் பாருடா."

அவனை வளர்த்ததும் உளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அந்த அண்ணன்தான். கால் அங்குமிங்கும் அலைந்தது... கடைசியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"பாவம் பாத்து வந்திருந்தா எந்திரிச்சுப் போங்க," என்றாள் மெதுவாக.

"எங்க வீட்லயும் இருக்குங்க இந்தக் கதை." நிமிர்ந்தான். "அண்ணே, அண்ணி சித்தாளா இருந்தப்போ எப்ப தண்ணி குடிச்சாங்கன்னு கேட்டிருக்கீங்களா?"

அண்ணன் திரும்பித் தன் ஆபீஸ் அறையைப் பார்த்தார்.

"என் ஆபீஸ் கதவைக் கழட்டி மாட்டு. தொறந்து கிடந்தா எனக்கு ஒண்ணும் ஆயிடாது."

கதவை அவள் தாங்கிப் பிடிக்க, அவன் திருகாணி முடுக்கினான். தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்தான். அவள் உள்ளே போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இடிச்சதுலேருந்து மனசு ஒரு இடத்துல நிக்கலீங்க... உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான்.

"கதவு மாட்டினதுக்குக் கூலியா?"

"கதவு நீங்க கேட்டு வாங்கினது. இது வேற. வேணாம்னா விட்டுடறேன்."

புருவத்தில் அந்த வெள்ளைத் துளி இன்னும் போகவில்லை. அவள் கையை நீட்டினாள்.

"அந்தத் தண்ணியைக் குடுங்க."

அண்ணாந்து குடித்தாள்... பாட்டில் காலியாகும்வரை. நனைந்த கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும் பிடிச்சிருக்கு. இனிமே கதவு தூக்கிட்டு வந்தா குரல் குடுத்துட்டு வாங்க."