இடக்கை வீடு

மாடிப்படி இறங்கும்போது ஆர்ஃபாவின் வலக்கை தானாகவே கைப்பிடியைத் தேடிப் போயிற்று. விரலில் பட்டது சுவர்.

நின்று பார்த்தாள். கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. மெழுகு பூசித் தேய்த்த அதே மரம். கீழே முடியும் இடத்தில் அதே உருண்டைக் குமிழ். இந்த வீட்டில் இரண்டு குளிர்காலம் இருந்தாயிற்று, இருட்டில்கூட அவள் கை தவறியதில்லை. நாலு வயது டீலியாவைப் பகலில் தூங்க வைக்கப் போனவள் அவளோடு தானும் கண்ணயர்ந்துவிட்டாள். தூக்கம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று தன்னையே கடிந்துகொண்டு இறங்கினாள். வெளியே அயோவாச் சமவெளி முழுவதையும் பனிப்புயல் வாரி விழுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வேலி தெரியவில்லை, கொட்டகை தெரியவில்லை, பால் திரிந்ததுபோல ஒரு வெளுப்புதான் தெரிந்தது. புருஷன் லைமன் காலையில் ஊருக்குள் விதைக்கடைக்குப் போனவன். இந்தப் புயலில் அவன் திரும்ப வழியில்லை.

காலையில் தச்சர் ஏசா வந்திருந்தார், டீலியாவின் அறைக்கதவு இறுகிக்கொண்டதை இழைத்துவிட. இந்த வீட்டைக் கட்டியவரும் அவர்தான்.

"ஆப்பிள் பை சுட்டு வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போங்க."

"ஆப்பிளா? அப்போ இன்னும் ரெண்டு கதவு இறுகினாக்கூட சந்தோஷம்தாம்மா."

தின்றுகொண்டே அவர் பேச்சு எங்கெங்கோ போய் இங்கே வந்து நின்றது. "பக்கத்து மாவட்டத்துல சபைனாம்மா வீடு இருக்கு பாருங்க, அது உங்க வீட்டுக்கு அக்கா. தபால்ல வந்த வரைபடம் ஒண்ணேதான். ஒரு படத்துக்கு ஒரு வீடுதான் கட்டலாம்னு கம்பெனிக்காரன் அச்சடிச்சு வச்சிருந்தான். நான் சும்மா விடுவேனா? தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில வச்சு, பின்பக்கமா கோடு இழுத்துட்டேன். அது வலக்கை வீடு, இது இடக்கை வீடு. எவன் வந்து கேப்பான்?"

ஆர்ஃபா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்தார்.

"அந்தம்மா பொண்ணு போயிடுச்சு. தொண்டை அடைப்பு நோய். பெட்டிகூட நான்தான் செஞ்சேன். செஞ்சுக்கிட்டிருக்கும்போதே பக்கத்துல வந்து நின்னு, திருப்பிக் கட்டின வீட்டுல குழந்தை இருக்கான்னு கேட்டாங்க. இருக்கும்மா, இதே வயசுன்னேன். எந்த ரூம்ல தூங்குதுன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்க குழந்தை ரூம்தாம்மா, ஆனா எதிர்க்கைப் பக்கம்னேன். அவங்க அழுவாங்கன்னு பார்த்தா, சிரிச்சாங்க."

அந்தச் சிரிப்பை நினைக்காமல் இருக்கத்தான் ஆர்ஃபா இப்போது சமையலறைக்கு விரைந்தாள். அடுப்பில் காபிப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மூக்கு சுவரைப் பார்த்திருந்தது. பாத்திரத்தின் நசுங்கல் எப்போதும் கைப்பிடிக்கு வலப்புறம். இன்று இடப்புறம். அடுப்பின் புகைக்குழாய் ஏறிப்போகும் மூலை மாறியிருந்தது. கிழக்கே இருக்கவேண்டிய பின்வாசல் மேற்கே இருந்தது. விறகுப்புகைக்கும் காபி மணத்துக்கும் அடியில், மெல்ல மெல்ல, கந்தக நெடி ஏறிவந்தது. நோயாளி செத்த அறையில்தான் கந்தகம் கொளுத்துவார்கள். இந்த வீட்டில் யாருக்கும் நோயில்லை.

மேலே யாரோ இருமினார்கள்.

குழந்தையின் இருமல். வறண்டு, குரைப்பதுபோல. காலையில் டீலியாவுக்குத் தும்மல்கூட இல்லை.

"டீலியா!"

ஓடினாள். படி மறுபக்கமாகத் திரும்பியது. தோள் சுவரில் இடித்தது. மேலே ஏறியதும் யோசிக்கவில்லை. இரண்டு வருஷப் பழக்கம் கால்களை இடப்பக்கம், டீலியாவின் அறைக்கு, இழுத்தது. கதவைத் திறந்தாள்.

மடித்த போர்வைகள். துணி அலமாரி.

அலமாரிக்குப் பின்னால், பலகையை ஒட்டி, டீலியாவின் குரல். தூக்கம் கலைந்த குரல்.

"அம்மா எங்க?"

"நான்தாண்டி அம்மா." ஒரு பெண்ணின் குரல். ஆசை ஆசையாய். "வா, தலை வாரி விடறேன்."

"நீ எங்க அம்மா இல்ல."

"இனிமே நான்தான் கண்ணு."

ஆர்ஃபா போர்வைகளை வாரி எறிந்தாள். பலகையில் அறைந்தாள். பெயரைச் சொல்லிக் கத்தினாள். நகம் பிய்ந்தது. அந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. சீப்பு முடியில் இறங்கும் ஓசை மட்டும், நிதானமாக, மறுபடி மறுபடி. பிறகு டீலியா எதற்கோ சிரித்தாள்.

கந்தக நெடி மூச்சை அடைத்தது.

முதுகுக்குப் பின்னால், வலப்பக்கக் கதவு திறந்தது. கிறீச்சென்ற சத்தம்கூட இல்லை. காலையில்தானே இழைத்தது.

வெறும் பாதங்கள். சின்னவை.

திரும்பினாள்.

டீலியாவின் கவுன். டீலியாவின் முகம். காலையில் அவள் இடக்காதின் மேல் கட்டிவிட்ட நீல ரிப்பன், வலக்காதின் மேல். விழுந்து உடைந்த முன்பல், மறுபக்கம். தொண்டையைச் சுற்றித் துணிக்கட்டு.

"அம்மா," என்றது. "தூக்கிக்கோ."

பலகைக்கு அப்பால் சீப்பு நின்றது. ஒரு கதவு சாத்தப்பட்டது. அப்புறம் அங்கே எதுவும் இல்லை, சுவர்தான்.

ஆர்ஃபா தலையை அசைத்தாள், வேண்டாம், வேண்டாம் என்று. அவளுடைய கைகள் நீண்டன. பாவம், அவை நாலு வருஷமாய் அந்தச் சொல்லுக்கு நீண்டு பழகியவை.

தூக்கினாள். கனத்தது. கழுத்தைக் கட்டிக்கொண்ட கை பனியாய்ச் சில்லிட்டது. அது தலையை அவள் தோளில் சாய்த்து, டீலியா ஒருநாளும் சாயாத அந்தத் தோளில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டது.

மூச்சு விடவில்லை. பிடியையும் விடவில்லை.