மைதானத்தில் ஒரு வரப்பு

இரண்டாவது பேஸைக் காணோம்.

ஷீபா கண்களைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். விடிந்தும் விடியாத நேரம்... ஆவணி மாதத்து மேகம் தாழ்வாக இறங்கியிருந்தது. நேற்று மாலை வரை வெறும் மண் தரையாக இருந்த கல்லூரியின் சாப்ட்பால் மைதானத்தில், இன்று பாதி இடத்துக்கு மஞ்சள் மஞ்சளாக நெல் பரப்பிக் கிடந்தது. முதல் பேஸ் இருக்கிறது. மூன்றாவது இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய வெள்ளைச் சதுரம் நெல்லுக்கு அடியில்!

"யார் நெல்லு இது?"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கால்களால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடந்த ஒருவன் திரும்பினான். அவன் கண்கள்... சரி, அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது ஷீபா கோபமாக இருக்கிறாள்.

"என்னுதுதாங்க. இன்னா விஷயம்?"

"இன்னா விஷயமா? இது கிரவுண்டுங்க. களம் இல்ல."

"வாட்ச்மேன கேட்டுக்கினுதான் கொட்னேன். எங்க களத்துல எடம் இல்ல. ரோட்ல கொட்னா லாரிக்காரன் திட்றான், இங்க கொட்னா நீங்க திட்றீங்க. நெல்ல இன்னா, தலமேல வெச்சா காய வெக்கறது?"

பின்னால் நின்ற மாணவிகள் களுக்கென்று சிரித்தார்கள். ஷீபா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

"இன்னும் மூணு வாரத்துல பைனல். பொண்ணுங்க ஓடிப் பழகணும்."

"ஓடட்டுங்க... நெல்லு மேலயே ஓடட்டும். எனக்கும் கிளர்ற வேலை மிச்சம்!"

என்ன திமிர்! நாக்கு நுனிவரை வந்த பதிலை ஷீபா சொல்வதற்குள் மூக்கின் மேல் ஒரு துளி விழுந்தது. அப்புறம் ஒன்று... அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு.

"ஐயோ, மழைடா!" என்று அவன் பதறிய பதற்றத்தில் திமிரெல்லாம் எங்கோ போய்விட்டது. ஓடிப் போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. ஷீபா ஒரு நொடி நின்றாள். பிறகு பந்துப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"ஜெயப்பிரியா! எல்லாரும் நெல்லக் கூட்டுங்கடி!"

பதினைந்து பெண்கள் கையாலும் பேட்டாலும் நெல்லைக் குவித்தார்கள். தார்ப்பாய் காற்றில் படபடத்து எழும்பியது. அதன் இரண்டு முனைகளையும் இழுத்து ஒன்றாகச் சேர்த்தபோது, நடுவில் அவனும் அவளும். இமையில் மழைத்துளி நிற்க, அவன் அவளையே பார்த்தான். இப்போது சொல்லலாம்... கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போன்ற கண்கள் அவனுக்கு.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க... மேடம் பேரு?"

"கோச்."

"அது பேரா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபமா, சிரிப்பா? அவளுக்கே தெரியவில்லை.

* * *

உத்திரமேரூர்ப் பக்கம் ஷீபாவைத் தெரியாதவர்கள் குறைவு. அந்தப் பெண்கள் கல்லூரிக்குச் சாப்ட்பால் பயிற்சியாளராக அவள் வந்தபோது, பாதிப் பெண்களுக்குக் கையுறை கிடையாது. வெறும் கையால் பந்தைப் பிடித்துவிட்டு அழுவார்கள். இன்றோ பல்கலைக்கழகக் கோப்பை வருடா வருடம் முதல்வர் அறைக்கு வந்து சேர்கிறது. அவளிடம் பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள் மாநில அணிக்கு ஆடுகிறார்கள். இப்போது சென்னையில் ஒரு பெரிய பயிற்சி மையம் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தது. பைனல் அவளுடைய மைதானத்திலேயே நடக்கிறது. மையத்துக்காரர்கள் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவைச் சொல்வதாகப் பேச்சு.

வாழ்நாள் முழுக்க அவள் ஆசைப்பட்ட வேலை. ஆனால் அந்த நெல்லுக்காரன், தினகரன், சிந்திய நெல்லைப் பொறுக்கும் சாக்கில் தினமும் சாயங்காலம் வரத் தொடங்கியதிலிருந்து, அதைப் பற்றி யோசிப்பதையே அவள் தள்ளிப்போட்டாள்.

"கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க. மூணாவது பேஸ் கிட்ட நின்னுக்கினு காதத் தொடறீங்க, தொப்பியத் தொடறீங்க, கைய தேச்சிக்கிறீங்க... கொசு கடிக்குதா?"

"அது சிக்னல்ங்க. ஓடு, நில்லு, அடுத்த பேஸத் திருடுன்னு பொண்ணுங்களுக்கு நான் சொல்றது."

"திருடா! காலேஜ்ல இதெல்லாம் வேற சொல்லித் தரீங்களா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாணவிகள் பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கோச் சிரித்து அவர்கள் பார்த்ததே இல்லை.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு கம்மி. அவன் யார் என்பதை மறுநாளே ஜெயப்பிரியா சொல்லிவிட்டாள். சின்னராசுவின் மகன். ஒரகடத்தில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு விவசாயம் பார்க்க வந்திருக்கிறான். விளையாட்டு விடுதியிலேயே வளர்ந்த ஷீபாவுக்கு அவன் முகம் தெரியாது. ஆனால் சின்னராசுவைத் தெரியும். அவருடைய வயலில்தான் அவள் அப்பா தானியேல் காலமெல்லாம் வரப்பு கட்டினார். அந்த வீட்டின் பின்பக்கம் நின்று, கையைக் குவித்து ஏந்தித் தண்ணீர் குடித்தார். விடுமுறைக்கு வந்த சிறுமி ஷீபா அதைப் பார்த்திருக்கிறாள்.

அதற்கப்புறம் அவள் அவனிடம் அளந்து பேசினாள். அவன் வராத நாளில் வாசலையே பார்த்தாள். வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னடி ஆச்சு உனக்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"சென்னைக்குப் போறீங்களாமே?" என்றான் ஒரு மாலையில்.

"போவட்டுமா?"

ஐயோ! இதை ஏன் இவனிடம் கேட்டோம்? அவன் குனிந்து நெல்லைப் பார்த்தான். ஒரு மணியைப் பொறுக்கி நகத்தால் உரித்தான்.

"போங்க... நல்ல சான்ஸாச்சே."

சரியான பதில்தான். அதற்கு எதற்காக அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது?

* * *

பைனலுக்கு முன்தினம். மேகம் மறுபடியும் திரண்டிருந்தது. சாலைத் தண்ணீர் மைதானத்துக்குள் பாய்ந்துவிடுமோ என்று ஷீபா தவித்தபோது, "நான் பாத்துக்கறேன் மேடம், நீங்க போயி தூங்குங்க" என்றான் தினகரன். டிராக்டரோடு வந்து மேடு பள்ளமெல்லாம் சமன் செய்தான். இருட்டும் வரை மண்வெட்டியோடு குனிந்தே கிடந்தான்.

இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது மழை. காலையில் ஷீபா ஓடி வந்தாள்.

மைதானத்தைச் சுற்றி நாலா பக்கமும் அழகான வரப்பு. பூசி மெழுகியது போல ஒரு விரிசல் இல்லை. அதற்குள்ளே... கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பந்து வீசுபவள் நிற்கும் இடத்தில் ஒரு கொக்கு நின்றது.

"மேம்..." என்றாள் ஜெயப்பிரியா மெல்ல. "நாத்து நடறது ஒண்ணுதான் பாக்கி."

யாரும் சிரிக்கவில்லை. நடுவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பைனலைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார்கள். சென்னையிலிருந்து கிளம்பியவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்களாம். தினகரன் வரப்பின் மேல் சிலையாக நின்றான்.

"வெளித் தண்ணி உள்ள வரக்கூடாதுன்னுதான்..."

"உள்ள பேயற மழ எங்க போவும்? ஒரு மடை வெக்கத் தெரியாதா உங்களுக்கு? பரம்பரையா வெவசாயம்!"

"வயல்னா தண்ணி நிக்கணும்ங்க... கட்டிக்கினே போனேன். கை பழக்கம்... தோணவே இல்ல."

"தோணலையா? நான் போவக்கூடாதுன்னு தோணுச்சா?"

அவன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த மௌனம் அவளை இன்னும் கொளுத்திவிட்டது.

"எங்க நைனாவதான் உங்க வரப்புக்குள்ளயே நிறுத்தி வெச்சீங்க. இப்ப என்னையுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. தினகரனின் முகம் வெளுத்துப் போயிருந்தது. மண்வெட்டியை எடுத்து, தான் கட்டிய வரப்பைத் தானே வெட்டிவிட்டான். தண்ணீர் சலசலவென்று சாலைக் கால்வாய்க்கு ஓடியது. அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

* * *

சாயங்காலம் சென்னையிலிருந்து போன் வந்தது. மேட்ச் பார்க்காவிட்டால் என்ன, அவள் பெயர் போதும், அடுத்த மாதமே சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். "சரிங்க" என்று போனை வைத்த ஷீபா, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எதற்கு என்று கேட்காதீர்கள். அவளிடம் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

"ஷீபா... சின்னராசு ஐயா மவன் வராரு பாரு" என்று வாசலில் இருந்து தானியேல் கூப்பிட்டார்.

பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, தினகரன் நடந்து வந்துகொண்டிருந்தான். ஊர்ப்பக்கத்து ஆட்கள் காலனிக்குள் வருவதென்றால் ஓட்டுக் கேட்கவோ, வேலைக்கு ஆள் கூப்பிடவோதான். அதுவும் முனையில் நின்றே குரல் கொடுப்பார்கள். குழாயடியில் பேச்சு நின்றுபோனது. ஒவ்வொரு வாசலிலும் தலைகள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த தானியேல் தன்னை அறியாமல் எழுந்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்த ஷீபா அதைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றாள்.

"ஏந்துக்காதீங்க மாமா," என்றான் தினகரன். "ஒக்காருங்க."

மாமா! தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சின்னராசு வீட்டில் நேற்றுப் பிறந்த குழந்தைகூடத் தானியேலைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும்.

"தம்பி... இன்னா சொல்றீங்க நீங்க?" என்றார் தானியேல்.

"உங்க பொண்ணாண்ட ஒண்ணு சொல்லணும். உங்க முன்னாடியே சொல்றேன்."

அவன் ஷீபாவைப் பார்த்தான். அந்தக் கண்களில் இப்போது கேள்வி இல்லை. பயம்தான் இருந்தது.

"சத்தியமா தெரிஞ்சி கட்டலங்க அந்த வரப்ப. ஆனா காலையில தண்ணி நின்னதப் பாத்தேன் இல்ல... ஒரு நிமிசம் எனக்கு சந்தோசமா இருந்துச்சு. போவ மாட்டாங்கன்னு. நீங்க கேட்டப்ப அதான் வாயே வரல. அசிங்கமா கீது. நீங்க சொன்னது சரி... எங்க வூட்டு ரத்தம்தான எனக்கும். நிறுத்தி வெச்சித்தான் பழக்கம்."

அவன் வாசலை நோக்கி இன்னும் ஓர் அடி வைத்தான்.

"போங்க சென்னைக்கு. இந்த வாட்டி மனசார சொல்றேன். ஆனா உங்கள நெனைக்காத ஒரு நாளு எனக்கு இல்ல. கட்டிக்கினா உங்களத்தான். வூட்ல சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"உங்க நைனா இன்னா சொன்னாரு?"

"மூஞ்சத் திருப்பிக்கினாரு."

ஷீபா வாசற்படியில் இறங்கினாள். மூன்றாவது பேஸில் நின்று, ஓடவா நிற்கவா என்று எத்தனை பெண்களுக்கு நொடியில் முடிவு சொன்னவள்... தன் கதைக்கு மட்டும் இத்தனை நாளாகத் தடுமாறினாள்.

"நான் சென்னைக்குப் போறேன்," என்றாள். "சனி ஞாயிறு இங்கதான். வேற கோச் வர வரிக்கும் என் பொண்ணுங்களுக்கு நானே கோச்."

அவன் தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"இன்னொண்ணு. உங்க நைனா இங்க வரணும். எங்க வூட்ல ஒக்காந்து, எங்க நைனாவாண்ட பொண்ணு கேக்கணும். அப்ப எங்க நைனா எழுந்து நிக்க மாட்டாரு. அதுவரிக்கும் கல்யாணப் பேச்சே கெடையாது."

"அவரு லேசுல வர மாட்டாருங்க. வருசக்கணக்கா ஆவும்."

"ஆவட்டும்."

"அதுவரிக்கும்...?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து, இல்லை, எத்தனையோ நாளாக என்னவென்று தெரியாமல் உள்ளே புரண்டுகொண்டிருந்தது மெல்ல மேலே வந்தது. தானியேல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெதுவாக, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காலையில அந்தத் தண்ணியப் பாத்து எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு," என்றாள் ஷீபா. "அது இன்னா சந்தோசம்னு புரியல... அதான் உங்கள அந்தத் திட்டு திட்னேன்."

தினகரன் நம்பாமல் நின்றான்.

"இப்ப புரிஞ்சிபோச்சு." குழாயடி வரைக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னாள். "எனக்கு உங்கள புடிச்சிகீது தினகரன். எவ்ளோ வருசம் ஆனாலும்... உங்களத்தான்."