பக்கத்துக் கட்டில்

வடமதுரைப் பக்கம் சம்பங்கித் தோட்டம் வைத்திருந்த பொன்னழகுக்கு எழுபத்திரண்டு வயது. ரத்தம் ஏற்றிக்கொள்ள மூன்றாவது தடவையாகத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். வெறும் ரத்தசோகை என்றுதான் மகன் ஈஸ்வரன் சொல்லியிருந்தான். போன தடவை இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்தபோதும் அதையேதான் சொன்னான். அவளைப் படுக்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

மத்தியானம் கரண்ட் போனது. வெளியே வெயில் கொதித்தது. அறைக்குள்ளோ கிணற்றுக்குள் இறங்கியது போலக் குளிர்ந்தது. துருவேறிய இரும்பு நனைந்த மாதிரி ஒரு வாடை.

பக்கத்துக் கட்டில் முனகியது.

வந்தபோது அது காலியாகத்தான் கிடந்தது. இப்போது நீலச் சேலை கட்டிய ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ரத்தசோகைன்னுதான் ஒனக்கும் சொன்னானா?"

குரல் காதோரம் கேட்டது. பொன்னழகு தலையாட்டினாள்.

"ரத்தப் புத்துநோய். அம்புட்டு லேசுல யாருக்கும் வராதது. ஊசி இருக்கு, நம்ம வயசுக்கும் கேக்கும். வேணாம்னு ஒம் மகன் கையெழுத்துப் போட்டுட்டான்."

அவள் திரும்பினாள். முகத்தில் பொட்டு ரத்தமில்லை.

கரண்ட் வந்தது. கட்டிலில் யாருமில்லை.

நர்ஸ் தீபா விவரம் கேட்டு வெளிறிப்போனாள். அந்தக் கட்டிலில் நீலச் சேலையோடு ஒருத்தி சித்திரையில் இறந்தாளாம். அவளுக்கும் கடைசிவரை நோயின் பேரைச் சொல்லவில்லையாம். டாக்டரம்மா தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார்: அபூர்வமான ரத்தப் புற்றுநோய், ஒரு வாரம் ஊசி போட்டால் பெரும்பாலோருக்குக் கேட்கும். மகன்தான் சொல்ல வேண்டாம் என்றான்.

ஈஸ்வரன் வந்ததும் அவள் தணிந்த குரலில் கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலையா அப்பு?"

"இந்த வயசுல நீ தாங்க மாட்டம்மா. வீட்ல எல்லாரும் பேசித்தான் முடிவு பண்ணுனோம்."

எல்லாரும். தினமும் அவள் கையால் சோறு வாங்கித் தின்ற அத்தனை பேரும். அவனை வெளியே போகச் சொல்லிவிட்டு, சிகிச்சைத் தாளில் தன் கையெழுத்தைத் தானே போட்டாள்.

ஊசிக்கு நோய் கட்டுப்பட்டது. மூன்றாம் மாதம் பரிசோதனைக்குத் தனியாகவே பஸ் ஏறி வந்தவள், பழைய அறையை எட்டிப் பார்த்தாள்.

அவள் படுத்திருந்த கட்டிலில் இப்போது பொம்மையன் என்ற பெரியவர். வெறும் ரத்தசோகைதான் என்று சொல்லிவிட்டு அவர் மகள் மருந்து வாங்கப் போனாள்.

பொன்னழகு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பெரியவர் காலிக் கட்டில் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஆமாத்தா, அப்படித்தான் சொன்னா. ஏன் கேக்குற?"